கண்மாய் நிறையவில்லை என்றார்கள்

பாம்பனில் பிறந்தவளுக்கு ஆறு என்றால் என்னவென்று தெரிய நியாயமில்லை. பிரெசில்லா வளர்ந்த வீட்டு வாசலில் நின்று வடக்கே பார்த்தாலும் கடல், தெற்கே பார்த்தாலும் கடல். குடிக்கிற தண்ணீர் மணலில் பள்ளம் பறித்தால் ஊறும். இல்லையென்றால் லாரியில் வரும். எங்கிருந்தோ கிளம்பி எங்கேயோ போய்க்கொண்டிருக்கிற தண்ணீரை அவள் கண்டதில்லை. அதனால், மாப்பிள்ளை டேவிட்ராஜின் ஊர் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில்தான், வைகை கடலில் சேருகிற இடத்தில் இருக்கிறது என்று பெண் பார்க்க வந்தவர்கள் சொன்னபோது, மாப்பிள்ளையைவிட அந்த ஆற்றின் மேல்தான் அவளுக்கு முதலில் ஆசை விழுந்தது.

கல்யாணமாகி அந்தோணியார்புரத்துக்கு வந்த மறுநாள் காலையில் புருஷனிடம் மெதுவாகக் கேட்டாள், ஆறு எங்கே இருக்கிறது என்று. அவன் கையை நீட்டிக் காட்டினான். அகலமான மணல்வெளி. நடுவில் ஆடுகள் படுத்துக் கிடந்தன. அந்தப் பக்கத்துக் கரையில் கருவேல மரங்கள். கடலோரத்தில் மணல் மேடு கட்டி, ஆற்றுக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லாதது போல அடைத்துக் கிடந்தது.

"இதுதான் வைகையா?"

"இதுதான்."

"தண்ணி?"

"மேல இருக்கு. மேல உள்ளவுக குடிச்சது போக மிச்சமிருந்தா இங்கன வரும்" என்றான் டேவிட்ராஜ். அவன் கேலியாகச் சொல்லவில்லை. அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

மிச்சம் வருவது அபூர்வம். நல்ல மழைக்காலத்தில் முழங்கால் அளவுக்கு ஏதோ வந்து, மணல் மேட்டுக்கு இந்தப் பக்கம் குட்டையாகத் தேங்கி, தை மாத வெயிலில் வற்றிப்போகும். அப்படி ஒரு மணல்வெளியைச் சும்மா விட்டுவைப்பார்களா? அந்தோணியார்புரத்துப் பெண்கள் அதைக் கருவாட்டுக் களம் ஆக்கியிருந்தார்கள். மரம் மட்டை கிடையாது, நிழல் கிடையாது, இரண்டு பக்கமும் காற்று வரும், மணல் சுத்தமானது, இடத்துக்குச் சொந்தக்காரன் என்று யாரும் வந்து நிற்கமாட்டான். பழைய வலைகளை விரித்து, நெத்திலியும் சூடையும் காரலும் பரப்பிவிட்டால் நல்ல வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். ஒவ்வொருத்திக்கும் ஒரு விரிப்பு. எல்லைக் கல்லும் இல்லை, கயிறும் இல்லை. ஆனால் ஒருத்தி இடத்தில் இன்னொருத்தி ஒரு மீனைக்கூடப் போடமாட்டாள். களத்தில் நடப்பதையெல்லாம் பார்த்துக்கொள்வது டேவிட்ராஜின் அக்கா லீமாரோஸ். யாரும் அவளைத் தலைவியாக வைக்கவில்லை. தொண்டை பெரிதாக இருந்ததால் அந்த வேலை தானாக அவளிடம் வந்து சேர்ந்தது.

டேவிட்ராஜ் பாம்பனில் விசைப்படகில் வேலைக்குப் போனான். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். பிரெசில்லா கருவாடு காயப்போட்டாள். காயப்போட்டதை ராமநாதபுரத்து மொத்த வியாபாரிக்குப் போடாமல், தானே சுமந்துகொண்டு உள்நாட்டுக்குப் போய் விற்கத் தொடங்கினாள். முதல் பஸ்ஸில் ராமநாதபுரம், அங்கிருந்து பரமக்குடி, சில நாள் பார்த்திபனூர், வாரச் சந்தைக்கு அபிராமம். உரச்சாக்குக்குள் இன்னொரு உரச்சாக்கைப் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, பஸ்ஸில் கடைசி சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்துகொள்வாள். நடத்துனர்களில் பாதிப்பேர் மூக்கைச் சுளிப்பார்கள். மீதிப்பேர் வீட்டுக்குக் கொஞ்சம் நெத்திலி கேட்பார்கள்.

அப்படித்தான் அவள் ஆற்றைத் தெரிந்துகொண்டாள், வாலிலிருந்து தலையை நோக்கி. ராமநாதபுரத்தில் பெரிய கண்மாய். வைகை அதில் வந்துதான் விழுகிறது, அது நிறைந்து வழிந்தால்தான் கீழே கடலுக்கு. அதற்கு மேலே பரமக்குடியில் ஊரை ஒட்டிய அகலமான மணல். அதற்கும் மேலே பார்த்திபனூரில் மதகணை. அங்கே ஆற்றுத் தண்ணீர் பங்கு பிரிகிறது. வலது பக்கம் போகிற பங்கு அபிராமத்துப் பக்கக் கண்மாய்களுக்கு. இடது பக்கம் வேறு ஊர்களுக்கு. இரண்டு பக்கமும் ஷட்டரை இறக்கிவிட்டால் மொத்தமும் நேராகப் பரமக்குடிக்கு. அதற்கு மேலே அவள் அதிகம் போனதில்லை. மானாமதுரைக்குச் சில தடவை. மதுரைக்கு ஆஸ்பத்திரிக்காக ஒரு தடவை. அணையும், அதற்குப் பின்னால் ஆறு பிறக்கிற வருசநாட்டு மலையும் அவளுக்குக் காதில் விழுந்த பெயர்கள்தான். ஆனால் அந்த மலையில் மழை பெய்தால் தன் ஊர்வரை எத்தனை வாய்கள் அதைக் குடிக்கக் காத்திருக்கின்றன என்பதை, சாக்கைச் சுமந்து நடந்த ஒவ்வொரு ஊரிலும் பார்த்து வைத்திருந்தாள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கண்மாய். ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு வாய்க்கால் தகராறு.

அபிராமத்துக்கு மேற்கே நல்லாங்குளத்தில் நாகலெட்சுமி என்று ஒரு வாடிக்கை. வீட்டுக்காரர் முத்துராமலிங்கத்துக்குக் கண்மாய்ப் பாசனத்தில் நெல்லும், மேட்டில் மிளகாயும். முதல் வருஷங்களில் நாகலெட்சுமி வாசற்படியில் நின்றபடியே கருவாட்டை மோந்து பார்த்து, பேரம் பேசி, வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். பிறகு ஒரு கோடையில் பிரெசில்லா தலைசுற்றி அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு உள்ளே கூட்டிப்போய் மோர் கொடுத்தவள், அதற்குப் பிறகு அடுப்படிவரை வரவிட்டாள். இப்போதெல்லாம் பிரெசில்லா போனால் முதலில் சாப்பாடு, அப்புறம்தான் வியாபாரம். பிரெசில்லாவுக்கு அவள் அக்கா. பிரெசில்லாவின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், டேவிட்ராஜுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது, எல்லாம் நாகலெட்சுமிக்குத் தெரியும். நாகலெட்சுமியின் மருமகள் ஏன் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாள் என்பது நல்லாங்குளத்தில் தெரியாதவர்கள் உண்டு. அந்தோணியார்புரத்தில் பிரெசில்லாவுக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காரியம் நடந்தது. மானாமதுரைக்குப் போயிருந்த பிரெசில்லா ஆற்றில் தண்ணீர் வருவதைப் பார்த்துவிட்டாள். செம்மண் நிறத்தில், குப்பையும் நுரையும் தள்ளிக்கொண்டு, மணலை நனைத்துக்கொண்டே வந்தது. உடனே லீமாரோஸுக்குப் போன் செய்து, தண்ணீர் வருகிறது, களத்தைக் காலி செய்யுங்கள் என்றாள். பெண்கள் அலறியடித்துக்கொண்டு, பாதி காய்ந்த மீனை அப்படியே வலையோடு சுருட்டி வீடுகளுக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். தண்ணீர் வரவில்லை. வழியில் இருந்த கண்மாய்களெல்லாம் வாயைத் திறந்து குடித்துவிட்டன. சுருட்டி வைத்த ஈர மீன் புழுத்துப்போனது. ஒரு வீட்டிலும் ஒரு வாரத்துக்கு நிம்மதியாக மூச்சு விட முடியவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்குப் பெயர் தாசில்தாரம்மா. தண்ணீர்க் குழாயடியில் நின்றாலும் பூசைக்குப் போனாலும் யாராவது ஒருத்தி, "என்ன தாசில்தாரம்மா, டேம் தொறந்தாச்சா?" என்பாள். பிரெசில்லா சிரித்துவைப்பாள். கோபித்துக்கொண்டால் பெயர் ஒட்டிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். சிரித்தும் ஒட்டிக்கொண்டது. இனிமேல் உறுதியாகத் தெரியாமல் வாயைத் திறப்பதில்லை என்று தனக்குள் ஒரு முடிவு செய்துகொண்டாள்.

இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்பே மழை நின்றுவிட்டது. புதுவருஷப் பூசைக்குப் பிறகு கடற்கரையில் நல்ல வெயில். அந்த வாரம் நெத்திலி விழுந்த மாதிரி எப்போதும் விழுந்ததில்லை. களத்தில் இடம் போதாமல் ஆற்றின் நடுமணல்வரை விரிப்புகள் போயின. தவக்காலத்துக்குள் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு, வீட்டு ஓடு மாற்றுவது, எல்லாவற்றையும் பெண்கள் அந்த வெள்ளி நிற விரிப்பைப் பார்த்துத்தான் மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தார்கள். அப்போதுதான் மலைப்பக்கம் மழை விடாமல் பெய்கிறது, அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. களத்தில் வானம் பளிச்சென்று இருந்தது. லீமாரோஸ் மீனைப் புரட்டிப் போட்டபடியே, பாதி கேலியும் பாதி பயமுமாகக் கேட்டாள்.

"ஏடி தாசில்தாரு, எடுக்கணுமா, கெடக்கட்டுமா?"

எல்லோரும் புரட்டுவதை நிறுத்திவிட்டுப் பிரெசில்லாவைப் பார்த்தார்கள்.

இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, வீட்டில் உட்கார்ந்து வாடிக்கைக்காரர்களுக்கு ஒவ்வொருத்தராகப் போன் செய்தாள். பார்த்திபனூரில் இட்லிக்கடை வைத்திருக்கும் அம்மா, அபிராமத்துச் சந்தையில் பக்கத்துக் கடைக்காரர், இடதுபக்கக் கால்வாயோரம் இரண்டு ஊர்கள், கடைசியாக நாகலெட்சுமி. எல்லோரிடமும் சுகம் விசாரித்துவிட்டு, கண்மாய் நிறைந்துவிட்டதா என்றுதான் கேட்டாள். அவள் கணக்கு எளிமையானது. மேலே கண்மாய்கள் காலியாக இருந்தால் வருகிற தண்ணீரை அவை குடிக்கும்; நிறைந்திருந்தால் ஷட்டரை இறக்கிவிடுவார்கள், தண்ணீர் கீழே வரும்.

எங்கேயும் நிறையவில்லை. அரைக் கண்மாய்கூட ஆகவில்லை என்றார் ஒருவர். காலடி நனைகிற அளவுதான் என்றார் இன்னொருவர். "எங்கத்தா, மேல உள்ளவன் விட்டால்ல" என்றாள் நாகலெட்சுமி, குரலில் வருத்தத்தோடு. பிரெசில்லா அவளுக்கு ஆறுதல்கூடச் சொன்னாள்.

அன்று மாலை செபமாலை முடிந்ததும் பெண்களிடம் சொன்னாள்: மேலே கண்மாய்களெல்லாம் காய்ந்து கிடக்கின்றன, நம் ஊருக்கு ஒரு பொட்டு வராது, மீன் காயட்டும். லீமாரோஸ் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு, சரி, கேட்டுச் சொன்னா சரிதான் என்று எழுந்துபோனாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குப் பிரெசில்லாவை யாரும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

மறுநாள் அபிராமத்துச் சந்தை. இருட்டோடு கிளம்பிய பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம். பரமக்குடி வந்ததும் போனதும் அவளுக்குத் தெரியவில்லை, ராமநாதபுரத்தில் மாறி ஏறிய அபிராமம் பஸ்ஸில் தூங்கிவிட்டாள். சந்தையில் வழக்கமான இடத்தில் சாக்கைப் பிரித்து, நெத்திலியைக் குவித்து, உட்கார்ந்தாள். புதுச் சரக்கு, உப்பு அளவாக, மணல் ஒட்டாதது. இதை விற்க வாய் திறக்கவே தேவையில்லை என்று நினைத்தாள்.

யாரும் வரவில்லை. வழக்கமாக வாங்குகிறவர்கள் தலையை ஆட்டிவிட்டுத் தாண்டிப் போனார்கள். ஒரு பெண் நின்றாள், பார்த்தாள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று போய்விட்டாள். பக்கத்துக் கடையில் வெண்டைக்காய் விற்கிற பெரியவர், முந்தின நாள் போனில் பேசியவர், அவள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார். வெயில் ஏறிய பிறகும் குவியல் குறையவில்லை. சரக்கில் ஏதாவது வாடை வந்துவிட்டதா என்று அவளே ஒரு கை அள்ளி மோந்து பார்த்தாள்.

அப்போதுதான் சந்தையின் அந்தக் கோடியில் கூட்டம் இருப்பதைக் கவனித்தாள். அலுமினியப் பாத்திரங்களில் மீன். கெண்டை, கெளுத்தி, விரால். துள்ளிக்கொண்டிருந்தது. பெண்கள் தூக்குவாளியில் வாங்கிப் போனார்கள். உயிருள்ள மீன் கிடைக்கும்போது கருவாட்டை யார் சீண்டுவார்கள்? அவளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது, வியாபாரம் போயிற்றே என்று. எழுந்து போய்ப் பார்த்தாள். கால்சட்டை நனைந்திருந்த ஒருவர் மீனை அள்ளிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் எங்கே பிடித்தது என்று கேட்டாள்.

"மறுகால்ல" என்றார் அவர், நிமிராமலேயே.

மறுகால் என்பது கண்மாய் நிறைந்து மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடும் இடம். கண்மாய் நிறையாமல் மறுகால் ஓடாது. மறுகால் ஓடாமல் அங்கே மீன் ஏறாது. பிரெசில்லா அந்தப் பாத்திரத்தைப் பார்த்தபடியே நின்றாள். ஒரு ஊர் மீன் இல்லை அது. ஐந்தாறு பேர் ஐந்தாறு ஊர்களிலிருந்து கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள்.

திரும்பி வந்தபோது அவள் சாக்குக்குப் பக்கத்தில் நாகலெட்சுமி நின்றிருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, மேலே ஈரத்துணி மூடி. முகமெல்லாம் சிரிப்பு.

"வாத்தா. ஒனக்குன்னே எடுத்து வச்சேன். கடல் மீனாத் தின்னுக்கிட்டு இருக்கியேன்னு. கண்மாய் விரால், புளி கூட ஊத்தி வையி, டேவிட்டு ஒரு சட்டிச் சோறு திம்பாரு."

துணிக்குக் கீழே மீன் வாளியில் மோதிக்கொண்டிருந்தது.

"அக்கா, நேத்துக் கேட்டேன்ல. நெறையலன்னு சொன்னீக."

நாகலெட்சுமியின் சிரிப்பு அப்படியே நின்றது. எதையோ மறைத்தவளின் முகமாக அது இல்லை. எதைக் கேட்கிறாள் என்று விளங்காதவளின் முகமாக இருந்தது.

"ஆமா. யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்றது."

"நான் யாரோவா?"

நாகலெட்சுமி வாளியைக் கீழே வைத்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். கண்மாய் நிறைந்துவிட்டது என்று வாயால் சொல்கிற பழக்கம் அவர்கள் ஊரில் கிடையாது. அதிகாரி வந்து கேட்டாலும், பக்கத்து ஊர்க்காரன் கேட்டாலும், கல்யாண வீட்டில் சம்பந்தி கேட்டாலும் ஒரே பதில்தான். நிறைந்தது என்று ஒரு சொல் வெளியே போனால் ஷட்டர் இறங்கிவிடும். அதற்குப் பிறகு வெயில் காய்ந்து, கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் இன்னும் ஒரு தண்ணீர் வேண்டும் என்று போய் நின்றால், அன்றைக்கே நிறைஞ்சதுன்னு சொன்னீங்களே என்பார்கள். மாமியார் அவளுக்குச் சமையல் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

"பொய்யின்னு நெனச்சுச் சொல்லலத்தா. வாயில வந்துரும்."

"இப்ப ஷட்டரு?"

"எறக்கிட்டானுக. சொல்லாட்டியும் தெரிஞ்சு போச்சு. ரெண்டு பக்கமும் எறக்கியாச்சு, நேத்துல இருந்து எல்லாம் நேரா ஆத்துலதான் போகுதாம்" என்றவள், அப்போதுதான் பிரெசில்லாவின் முகத்தைக் கவனித்தாள். "ஏன், ஒங்க ஊருக்கு நல்லதுதான? குடிதண்ணி வரும்ல?"

கருவாட்டுக் களம் ஆற்றுக்குள் இருக்கிறது என்பதை இத்தனை வருஷத்தில் பிரெசில்லா அவளிடம் சொன்னதே இல்லை. ஆற்றுக்குள் என்று சொன்னால் சிரிப்பார்களே என்று சொல்லவில்லை.

சந்தைக்கு வெளியே வந்து லீமாரோஸுக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. முந்தின நாள் மாலை ஒரு பொட்டு வராது என்று சொன்ன வாய் இது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓடி வருகிறது என்று சொன்னதும் இதே வாய். இதை மூன்றாவது தடவை யார் நம்புவார்கள்? நம்பி எடுத்து, தண்ணீர் வராவிட்டால், இத்தனை நெத்திலியும் புழுத்துப்போகும். நம்பாமல் விட்டு, வந்துவிட்டால், அந்த வாரத்து மீன் மட்டுமா, வலை, கூடை, எல்லாம் கடலுக்குப் போகும்.

"மதினி, எல்லாத்தையும் எடுத்துருங்க. தண்ணி வருது."

போனில் லீமாரோஸுக்குப் பின்னால் காற்று இரைந்தது.

"நேத்து வராதுன்ன."

"நான் கேட்டவுக உண்மையச் சொல்லல மதினி. நானும் யோசிக்காம நம்பிட்டேன். இப்பக் கண்ணால பாத்தேன், மேல எல்லாம் வழிஞ்சு ஓடுது."

"ஆத்துல தண்ணியப் பாத்தியா?"

"மீனப் பாத்தேன்."

"மீனப் பாத்தியாக்கும்" என்றாள் லீமாரோஸ். அந்தக் குரலில் இருந்தது கேலியா வேறெதுவுமா என்று பிரெசில்லாவுக்குப் பிடிபடவில்லை.

"மதினி, ஒண்ணு செய்ங்க. எல்லார் சரக்கையும் எடுத்துட்டு, என்னோடத கடைசியா எடுங்க. நேரம் இல்லாட்டி கெடக்கட்டும்."

போன் வைக்கப்பட்டது. சரி என்றும் சொல்லவில்லை, போடி என்றும் சொல்லவில்லை.

விராலையும் விற்காத சாக்கையும் தூக்கிக்கொண்டு பரமக்குடி பஸ்ஸில் ஏறினாள். பஸ் குலுங்கிக்கொண்டு போனது. நாகலெட்சுமி மேல் கோபப்பட முயன்று பார்த்தாள். முழுதாக வரவில்லை. டேவிட்ராஜ் கரைக்கு வந்ததும் எவனாவது மீன்பாடு எப்படி என்று கேட்டால், படகு கொள்ளாத மீன் கிடந்தாலும் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வான். அவன் அப்பாவும் அப்படித்தான். பாம்பனில் அவள் அய்யாவும் அப்படித்தான். மீன் விழுந்த இடத்தைச் சொன்னால் மறுநாள் அங்கே நூறு வலை விழும். கடல்காரன் பாடு சொல்லமாட்டான் என்று தெரிந்தவளுக்கு, கண்மாய்க்காரன் தண்ணீர் சொல்லமாட்டான் என்று ஏன் தோன்றவில்லை? வயல்காரர்களை அவள் எப்போதும் தன்னைவிட நிதானமானவர்களாக, காலுக்குக் கீழே தரை உள்ளவர்களாக நினைத்திருந்தாள். அவர்களுக்கும் நாளைக்கு என்ன கிடைக்கும் என்பது தெரியாது என்பதை அடுப்படிவரை போயும் அவள் கவனிக்கவில்லை.

பரமக்குடியில் இறங்கியதும் அடுத்த பஸ்ஸுக்கு நிற்காமல் ஆற்றைப் பார்க்க ஓடினாள். பாலத்தில் நிற்க இடமில்லை. ஊரே அங்கே இருந்தது. சூடம் ஏற்றுகிறார்கள், பூவைப் போடுகிறார்கள், பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுகிறார்கள். கைபேசியில் படம் எடுக்கிறவர்களின் தோள்களுக்கு இடையில் அவள் எட்டிப் பார்த்தாள். கரையிலிருந்து கரைவரை தண்ணீர். மணல் என்று ஒன்று அங்கே எப்போதாவது இருந்ததா என்று கேட்க வேண்டும் போல இருந்தது. வாழ்நாளெல்லாம் பார்க்க ஆசைப்பட்டது அதைத்தான். லீமாரோஸுக்கு மறுபடியும் போன் செய்தாள். எடுக்கவில்லை. இன்னொரு தடவையும் எடுக்கவில்லை.

ராமநாதபுரத்துக்குப் போகிற வழியெல்லாம் ஆறு பஸ்ஸோடு ஓட்டப் பந்தயம் நடத்தியது. கண்ணுக்குத் தெரிகிற இடங்களிலெல்லாம் அது முன்னால் இருந்தது. முந்தைய மழையிலேயே பாதி நிறைந்திருந்த பெரிய கண்மாய் இப்போது கடல் மாதிரி அலையடித்துக்கொண்டிருந்தது. ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறியபோது வெயில் சாய்ந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வாளிக்குள் என்ன என்று கேட்டாள். பிரெசில்லா துணியை விலக்கிக் காட்டினாள்.

ஊர் நிறுத்தத்தில் இறங்கும்போதே எதிரில் ஒரு குட்டியானை வண்டி பாரம் தாங்காமல் முனகிக்கொண்டு வந்தது. பக்கத்து ஊரான ஆற்றங்கரையைச் சேர்ந்த அப்துல் அஜீஸின் வண்டி. பின்னால் வலைச்சுருட்டல்கள் கோபுரமாக ஏறியிருந்தன. அதன் மேல் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அஜீஸ் வண்டியை நிறுத்தாமலேயே தலையை நீட்டி, கோயில் வளாகம் மீனால் நிறைந்துவிட்டதாகவும், மிச்சத்தைத் தன் வீட்டு மொட்டைமாடியில் போடச் சொல்லியிருப்பதாகவும், அல்லா காப்பாற்றினான் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பிரெசில்லா களத்துக்கு ஓடினாள். ஆற்று மணல் மொட்டையாகக் கிடந்தது. கூடைகள் இல்லை, வலைகள் இல்லை. நடுவில் ஒரே ஒரு விரிப்பு மட்டும், வெள்ளையாக, தனியாக. அவளுடையது. மேற்கிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவள் நினைத்த மாதிரி சத்தமாக, சுவர் மாதிரி இல்லை. நாக்கு நாக்காக, மணலில் வழி தேடிக்கொண்டு, ஒரு குச்சியைத் தள்ளிக்கொண்டு, நின்று, மறுபடி நகர்ந்து. லீமாரோஸும் இன்னும் மூன்று பேரும் விரிப்பின் ஒரு முனையைத் தூக்கியிருந்தார்கள். பிரெசில்லா போய் மறுமுனையைப் பிடித்தாள். பாதியைச் சுருட்டினார்கள். மீதியை நாக்குகள் வந்து எடுத்துக்கொண்டன. நெத்திலிகள் உயிர் வந்தது போல வரிசையாகக் கடலைப் பார்த்துப் போயின.

முழங்கால் தண்ணீரில் கரையேறியபோது லீமாரோஸுக்கு மூச்சு வாங்கியது.

"கடைசியா எடுக்கச் சொன்ன. அதான் கடைசியா எடுத்தோம்" என்றாள்.

"எப்படி மதினி நம்புனீக?"

லீமாரோஸ் சேலையைப் பிழிந்தாள். அவள் யாரையும் புகழ்ந்து பழக்கமில்லாதவள்.

"பொய் சொல்றவ தன் சரக்க மொதல்ல எடுக்கச் சொல்லுவா" என்று சொல்லிவிட்டு, கடலோரத்து மணல் மேட்டை வெட்டிவிடப் போன ஆண்களைப் பார்த்துச் சத்தம் போட ஆரம்பித்தாள். வெட்டாவிட்டால் தண்ணீர் தேங்கி வீடுகளுக்குள் வந்துவிடும். இருட்டுவதற்குள் மேடு உடைந்தது. வைகை கடலுக்குள் போனது. கடல் கொஞ்ச தூரத்துக்குச் சிவந்து கிடந்தது.

களம் மேட்டுக்கு மாறியது. அங்கே நிழல் உண்டு, மீன் காய இரண்டு மடங்கு நேரம் ஆனது. அதனால் கோடை வந்ததும் பெண்கள் பழையபடி ஆற்று மணலுக்கே இறங்கினார்கள். பிரெசில்லாவும்தான்.

வெள்ளத்துக்குப் பிறகு இரண்டு வாரம் அவள் அபிராமத்துப் பக்கம் போகாமல் இருந்தாள். பிறகு போனாள். நாகலெட்சுமி சாப்பாடு போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் பிரெசில்லா எல்லாவற்றையும் சொன்னாள், களம் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து. நாகலெட்சுமி கேட்டுக்கொண்டிருந்தாள். கருவாட்டை ஆற்றிலா போடுவார்கள் என்று சிரிக்கவில்லை. எங்களால் உங்களுக்கு இப்படி ஆயிற்றே என்றும் சொல்லவில்லை. எழுந்து, வா என்று கூட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் கண்மாய்க் கரைமேல் ஏறினாள். தண்ணீர் இன்னும் கரையைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. வாடைக்காற்றில் இரண்டு பேரும் நின்றார்கள்.

"வாயால சொல்ல வராதுத்தா எனக்கு. நீ வந்தா இங்கன கூட்டியாந்து நிறுத்துறேன். பாத்துக்க."

அடுத்த கார்த்திகையில் மலைப்பக்கம் மழை பிடித்தபோது பிரெசில்லாவால் போக முடியவில்லை. மகளுக்குக் காய்ச்சல். களத்தில் நின்று மீனைப் புரட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது, முகம் தெரிகிற மாதிரி. நாகலெட்சுமி அதற்குமுன் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தாய்வீட்டிலிருந்து திரும்பிவிட்ட மருமகள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பது கேட்டது. அக்கா, சொல்லுங்க என்றாள் பிரெசில்லா. நாகலெட்சுமி ஒன்றும் சொல்லவில்லை. முகத்தை இறுக்கிக்கொண்டு போனைத் திருப்பினாள். விரல் பாதித் திரையை மறைத்தது. மீதிப் பாதியில் கல் கட்டிய மறுகால், அதன் மேல் தகடு மாதிரி வழிந்து விழுகிற தண்ணீர். கொஞ்ச நேரம் அது ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு போன் நின்றுவிட்டது.

பிரெசில்லா லீமாரோஸைப் பார்த்தாள். லீமாரோஸ் எதுவும் கேட்காமல் குனிந்து, தன் விரிப்பின் ஒரு முனையை மடித்தாள்.